கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் ஒரு வரி

மேசை நடுவில் என்ன வைப்பது. காலையிலிருந்து ஹெப்சிபாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான், விடிகாலை ஆராதனையில் கைகூப்பி நின்றபோதும் இதுதான், இப்போது பிரியாணிக்கு வெங்காயம் சிவந்துகொண்டிருக்கையிலும் இதுதான். செல்போனில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், கைவேலை தெரியாதவங்க கவலையே படாதீங்க, பண்டிகைச் சாப்பாட்டு மேசைக்கு நடுவுல வைக்க சுலபமா அஞ்சு ஐடியா சொல்றேன், பசை வேண்டாம், ஊசி வேண்டாம். முதலாவது, ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பு குத்தி ஒரு தட்டில் அடுக்குவது. ஹெப்சிபா நேற்றே குத்திப் பார்த்தாள். பழம் நட்சத்திரம் மாதிரி வரவில்லை, அம்மை போட்டது மாதிரி வந்தது, சாறு வழிந்து எறும்பு வந்தது. இரண்டாவது, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துப்போட்டு அதன் முதுகில் மெழுகுவர்த்தி. நின்றது, பிறகு சாய்ந்தது, விரிப்பில் மெழுகு ஊற்றியது. மூன்றாவது, சவுக்குக் கிளையை நீளவாக்கில் பரப்புவது, அதற்குள்ளிருந்து ஒரு கம்பளிப்பூச்சி இறங்கி உப்புக் கிண்ணத்தைப் பார்க்கப் போனது. பதினோராம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற கை, கரும்பலகையில் கவராயம் இல்லாமல் வட்டம் போடுகிற கை, ஆனால் ஒரு காகிதத்தை நேராக மடிக்க வராது. அது ஊருக்கே தெரியும். ஊருக்குச் சொன்னது யார். ‘ஹெப்சிக்கு மூளை எல்லாம் தலையில, கையில ஒண்ணும் கிடையாது’ என்று அவள் கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸில், அவள் ஒட்டிய காகித நட்சத்திரம் வாசலில் ஒரு பக்கமாகத் தொங்கியபோது, எல்லார் முன்னாலும் சிரித்தபடி சொன்னவள் பியூலா, கணவனின் அண்ணன் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இருபத்திரண்டு வருஷம் கழித்தும் தாடை வலிக்கிறது.

‘நடுவுல ஒண்ணும் வைக்காட்டி என்ன’ என்றான் ஜெயசிங், தயிரில் வெள்ளரிக்காயைப் போட்டுக்கொண்டே. ‘பிரியாணிச் சட்டியையே தூக்கி வச்சிரு. அதைவிட அழகா எது இருக்கு?’ நல்ல மனுஷன். அவனிடம் சொல்லவில்லை. ஒரு மாசமாக அலமாரியில் பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள் கட்டுக்கு அடியில் அந்தக் கடிதம் இருக்கிறது, அவனிடம் சொல்லவில்லை, தங்கச்சி சலோமியிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். ஜெயசிங் விடு என்பான், எல்லாம் பழசு, அண்ணி குணம் தெரிந்ததுதானே, அப்பாவுக்கு எண்பத்தொன்று, இப்போது போய் எதற்கு என்பான். விடு. அந்த ஒரு சொல்லைக் கேட்கக்கூடாது என்றுதான் ஒரு மாசமாக வாயை மூடிக்கொண்டு, வழக்கமாகப் பெரியவர்கள் வீட்டில் நடக்கிற கிறிஸ்துமஸ் சாப்பாட்டை இந்த வருஷம் நம்ம வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று தானாகவே கேட்டு வாங்கினாள். பியூலா போனிலேயே ஆச்சரியப்பட்டாள். ‘உனக்கு எதுக்கு கஷ்டம் ஹெப்சி, மேசை எல்லாம் அலங்காரம் பண்ணணுமே.’ பண்ணுதேன் அக்கா. அதுக்குத்தானே கூப்பிடுதேன்.

நவம்பரில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மாள் நின்றாள். நாசரேத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். முகம் தெரியவில்லை, பேர் சொன்னதும் தெரிந்தது, நெஞ்சில் ஒரு அடி விழுந்த மாதிரி. சலோமிக்கு நிச்சயம் பண்ணி நின்றுபோன மாப்பிள்ளையின் அக்கா. அம்மா போன மாசம் தவறிட்டா என்றாள், டிரங்குப் பெட்டியை ஒழிச்சப்போ கிடைச்சது என்றாள். ‘இதை வச்சுத்தான் எங்க அம்மா உங்க தங்கச்சியை வேண்டாம்னு சொன்னா. தம்பி கேட்டும் காட்டல. எனக்கு மனசு கேக்கல டீச்சர். நீங்களே வச்சுக்கோங்க.’ கோடுபோட்ட தாள், நாலாக மடித்தது, மடிப்பில் பழுப்பு. ஹெப்சிபா அதை வேப்பமரத்தடியில் நின்று பிரித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. அந்த ‘ழ’. வால் கீழே இறங்கி, சுழன்று, திரும்பி மேலே ஏறி ஒரு கொடி மாதிரி நிற்கிற ‘ழ’. பாளையங்கோட்டையில் அவர்கள் சபையில் பாதி வீட்டுச் சுவரில் அந்த ‘ழ’ தொங்குகிறது, பியூலா எழுதி சட்டம் போட்டுக் கொடுத்த வசன அட்டைகளில். மொட்டைக் கடுதாசியைக்கூட அழகாக எழுதாமல் இருக்க முடியவில்லை அவளால். இடது கையால் எழுதியிருக்கலாம், கோணலாக எழுதியிருக்கலாம், எந்தத் திருடனும் அந்த அளவு யோசிப்பான். மாட்டாள். யாரோ ஒரு நாசரேத்துக்காரி படித்துவிட்டுக் கிழிக்கப்போகிற காகிதம், அதிலும் ஓரம் விட்டு, இடம் விட்டு, முத்து முத்தாக. அன்புள்ள அம்மா அவர்களுக்கு, கர்த்தருக்குள் வாழ்த்துகள், தாங்கள் பார்த்திருக்கும் பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு உண்டு, பெரிய வெள்ளி அன்று ஆலயத்திலேயே விழுந்தாள், வீட்டார் மறைத்து வைத்திருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளவும். கடைசியில், இப்படிக்கு, உங்கள் வாழ்வில் நலம் நாடும் ஒரு சகோதரி.

வலிப்பு இல்லை. பட்டினி. சலோமி அந்த வருஷம் லெந்து உபவாசம் நாற்பது நாளும் ஒருவேளைதான் சாப்பிட்டாள், பெரிய வெள்ளி அன்று ஒரு பொட்டுத் தண்ணீரும் இல்லை, மூன்றாம் மணி நேரத்தில் நின்றபடியே சரிந்தாள். பக்கத்தில் இருந்த குளோரி டீச்சர் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து வந்து கைக்குட்டையால் விசிறியவள் பியூலா. விசிறிய கை. ஹெப்சிபா அடுப்பைச் சின்னதாக்கினாள், வெங்காயம் ஒரு பக்கம் கருகியிருந்தது, பரவாயில்லை, இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுக் கிளறினாள், கண் எரிந்தது. அந்தக் கை வீசிய காற்று அவள் தங்கச்சியின் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தபோதே மனசுக்குள் வாக்கியம் அமைந்திருக்குமா, இல்லை நிச்சயம் முடிந்து மாப்பிள்ளை வெளிநாட்டு வேலை என்று தெரிந்தபிறகா. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் விடையை வைத்துப் பின்னாலிருந்து போடலாம். இதில் பின்னாலிருந்து போட்டும் வரவில்லை. பியூலாவுக்குக் கல்யாண வயசில் தங்கச்சி இல்லை, அண்ணன் மகள் இல்லை, அந்த மாப்பிள்ளையால் அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாமல் ஒருத்தி உட்கார்ந்து, பேனாவுக்கு மை போட்டு, ஓரம் விட்டு எழுதியிருக்கிறாள். நிச்சயம் நின்றது. ஏன் நின்றது என்று சபை தானாகவே பேசிக்கொண்டது, வலிப்பாம் என்றது. அதற்கப்புறம் வந்த இரண்டு வரனும் விசாரித்துவிட்டுப் போய்விட்டன. ஹெப்சிபாவின் அப்பா முன்வரிசையில் உட்காருகிறவர், கடைசி பெஞ்சுக்குப் போனார், யார் முகத்தையும் பார்க்காமல் ஆராதனை முடியும் முன்பே எழுந்து வெளியே நடந்தார், இரண்டு வருஷம் அப்படி நடந்து ஒரு நாள் நடக்காமலே போய்ச் சேர்ந்தார். சலோமிக்கு இப்போது நாற்பது. கோயம்புத்தூரில் நர்சு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், வந்து பியூலாவுக்கு ஒரு சேலை கொடுக்கிறாள்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தாலே அதுதான் முதலில் வந்து நிற்கிறது. வலிப்பு என்று சொல்லிவிட்டது குளோரி டீச்சர் என்று அப்போது ஹெப்சிபா தீர்மானித்திருந்தாள். தலையை மடியில் வாங்கியவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று. ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஓய்வறை, ஒன்பது வருஷம் டிபன் டப்பாவை மாற்றிச் சாப்பிட்ட சிநேகிதி. ஒரு திங்கட்கிழமை ஹெப்சிபா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். ‘ஏன் ஹெப்சி?’ என்று அவள் மூன்று நாள் கேட்டாள். நாலாம் நாள் கேட்கவில்லை. மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அதையும் பியூலா கணக்கிலேயே எழுதலாமா. எழுதலாம். ஆனால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்த கால் யாருடையது. கறியைக் கொட்டினாள், சட்டி சீறியது. சரி, அதுவும் சேரட்டும், எல்லாம் சேர்ந்து இன்றைக்கு மேசை நடுவில் இருக்கட்டும்.

நாலாவது ஐடியாதான் எளிது. ஒரு உருண்டைக் கண்ணாடித் தொட்டி, நிறைய தண்ணீர், மேலே ஒரு பூ. அவ்வளவுதான், யாராலும் கெடுக்க முடியாது என்றாள் செல்போன்காரி. மீன் செத்துப்போன தொட்டி ஒன்று பரணில் இருந்தது. கறி வேகும் நேரத்தில் அதைக் கழுவித் தண்ணீர் ஊற்றி, மேசையில் வைத்து, இரண்டு செம்பருத்தியைப் பறித்து மிதக்கவிட்டாள். பின்னால் பழைய செய்தித்தாள் கிடந்தது. இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். தொட்டியின் பின் சுவரை ஒட்டிக் கிடந்த எழுத்துகள் தண்ணீருக்குள் ஒன்றுக்கு இரண்டாகப் பெருத்து நின்றன. தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் நெளிந்து கலைந்தன, நேராக உட்கார்ந்தால் திரும்பக் கூடின. இது கணக்கு. இது அவளுக்குத் தெரிந்த பாடம். எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எது தெரியும் என்று ஹெப்சிபா ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தாள், ஆறு நாற்காலி, பியூலாவின் நாற்காலி எது என்று குறித்துக்கொண்டாள். கடிதத்தைத் தொட்டியின் பின்னால் ஒட்டவேண்டியது. அவள் உட்காருவாள், ஜெபம் முடிந்து கண்ணைத் திறப்பாள், அவள் எழுத்து அவளைப் பார்க்கும். அப்புறம் எல்லாரும் எட்டிப் பார்க்கட்டும். மாமனார் மாமா பார்க்கட்டும், பியூலா புருஷன் அத்தான் பார்க்கட்டும். கைவேலை தெரியாதவள் செய்த கைவேலை.

ஒட்டுவதற்காக இப்போது கடிதத்தை எடுத்து வந்தாள். அரிசி ஊறிக்கொண்டிருந்தது, ஜெயசிங் தன் அப்பாவை அழைத்துவரக் கிளம்பிப் போய்விட்டான், சலோமி குளியலறையில் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். தாளைத் தொட்டியின் பின்னால் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். வலிப்பு என்று தெரிந்தது. பெரிதாக, பளபளவென்று, செம்பருத்தியின் சிவப்பு லேசாக மேலே படிந்து, வலிப்பு. கை நின்றது. இன்னொரு தடவை பார்த்தாள். ஆலயத்திலேயே விழுந்தாள். இதை மேசை நடுவில் வைக்கப்போவது யார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தபால்காரன் நாசரேத்தில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்றைக்கு இதை ஐந்து பேருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போவது நான். மாமா வாய்விட்டுப் படிப்பார். சலோமி தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தான் முகத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்போ இருந்ததோ என்று ஒரு யோசனை ஓடும். அந்த ஒரு நொடி போதும், அவள் அடுத்த வருஷம் வரமாட்டாள். ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் விட்டுவிடுவதா. ஜெயசிங்கின் அந்தச் சொல்லை நானே எனக்குச் சொல்லிக்கொள்வதா. விடமாட்டேன். முழுக் கடிதமும் வேண்டாம், ஒரு முள் போதும். கடைசி வரியில் சலோமியைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைசி வரி எழுதியவளைப் பற்றியது மட்டும்தான். கத்தரிக்கோலை எடுத்தாள்.

‘என்னக்கா வெட்டுத?’ ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சலோமி வாசலில் நின்றாள்.

‘சும்மா. பேப்பரு.’

‘கோணலாப் போகுது பாரு. குடு, நான் வெட்டித் தாரேன்.’

‘வேண்டாம்,’ என்றாள் ஹெப்சிபா, சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. ‘அரிசியை வடிகட்டுட்டி. நான் பாத்துக்கிடுதேன்.’

கோணலாகத்தான் போனது. ஒரு பக்கம் மேலே ஏறி, ஒரு பக்கம் கீழே இறங்கி. இருக்கட்டும். மீதியை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள், வெட்டின துண்டைத் தொட்டியின் பின்னால் எழுத்து உள்பக்கம் பார்க்க ஒட்டினாள், சுற்றி வந்து பியூலாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உங்கள் வாழ்வில் நலம் நாடும் ஒரு சகோதரி. வாழ்வில் என்கிற சொல்லில் ‘ழ்’ தண்ணீருக்குள் வால் சுருட்டிக்கொண்டு கிடந்தது. மீன் மாதிரி இருந்தது. பாம்பு மாதிரி இருந்தது. பண்டிகை மேசைக்குப் பொருத்தமாக, பார்க்கிறவர்களுக்கு வாழ்த்து மாதிரியும் இருந்தது. வருகிறவளுக்கு மட்டும் புரியும். ஹெப்சிபா முகத்தைக் கழுவிக்கொண்டு சேலையை மாற்றினாள். வருஷக்கணக்கில் இவ்வளவு நிதானமாக அவள் கொசுவம் வைத்ததில்லை.

ஒரு மணிக்கு வந்தார்கள். மாமனார் ஜெயசிங்கின் தோளைப் பிடித்தபடி படியேறினார், பின்னால் அத்தான் கேக்குடன், அதற்கும் பின்னால் பியூலா, இரண்டு கையிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை ஏந்திக்கொண்டு. பெட்டியைத் திறந்தாள். ஐஸ் குச்சியில் கட்டிய மாட்டுக் கொட்டில், தெர்மோகோல் பனி, பஞ்சில் ஆட்டுக்குட்டிகள், ஒவ்வொரு ஆட்டுக்கும் மிளகில் கண். ‘மேசை நடுவுல வைக்கன்னு செஞ்சேன் ஹெப்சி. உனக்கு இதெல்லாம் வராதுல்லா, பாவம், நீ ஏன் அல்லாடணும்னுதான்.’ எல்லாம் கெட்டதோ என்று ஒரு கணம் ஹெப்சிபா தொட்டியைப் பார்த்தாள். பிறகு தன் குரல் தனக்கே இதமாகக் கேட்டது. ‘நடுவுல வச்சாச்சு அக்கா. இதை ஃபிரிட்ஜ் மேல வைப்போம், எல்லாரும் பார்க்கிற மாதிரி.’ பியூலா மேசையைப் பார்த்தாள். தொட்டி, தண்ணீர், இரண்டு செம்பருத்தி. ‘நல்லாத்தான் இருக்கு,’ என்றாள், பரிதாபப்பட்டுச் சிரித்தாள், ‘சிம்பிளா.’

‘நீங்க இங்க உக்காருங்க அக்கா. மாமாவுக்குப் பக்கத்துல.’

அத்தான் சின்னதாக ஜெபம் பண்ணினார். ஆமென் என்று எல்லாரும் கண் திறந்தார்கள், ஹெப்சிபா மட்டும் மூடவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பியூலா தட்டை நகர்த்தினாள், தண்ணீர்த் தம்ளரை எடுத்தாள், குடித்துக்கொண்டே தொட்டியை நேராகப் பார்த்தாள். தம்ளர் உதட்டிலேயே நின்றது. தலையை இடதுபுறம் சாய்த்தாள், வலதுபுறம் சாய்த்தாள், எழுத்து கலைந்து கலைந்து கூடியிருக்கும். தம்ளரை வைக்கும்போது தட்டின் விளிம்பில் இடித்தது. ‘கறி வைக்கட்டுமா அக்கா?’ என்று கேட்டு அவள் பதில் சொல்லும் முன்பே இரண்டு கரண்டி வைத்தாள் ஹெப்சிபா. ஆகா. இதுதான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது, கால் விரல் வரைக்கும் இறங்கியது. பாவம் என்று ஒரு துளிகூட வரவில்லை, வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை.

மாமனார் பியூலாவின் பக்கமாகச் சாய்ந்து கண்ணைச் சுருக்கினார். ‘உள்ள ஏதோ எழுதிருக்கே, பெருசாத் தெரியுது. நலம் நாடும் ஒரு சகோதரி. அடடே. நல்ல வார்த்தை. எங்க வீட்டு மருமக ரெண்டு பேரும் ஒரே வசனத்துல பக்கத்துல பக்கத்துல வார பேருல்லா.’ ஹெப்சிபா, பியூலா இரண்டும் வேதாகமத்தில் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகிற பேர்கள், அவர் வருஷாவருஷம் சொல்கிறது. ‘யாரு எழுத்தும்மா இது, அச்சடிச்ச மாதிரி?’

‘அக்கா எழுத்துதான் மாமா.’

‘எப்ப எழுதிக் குடுத்த?’ என்றார் அத்தான், வாயில் சோற்றுடன், பெருமையாக.

பியூலா தட்டில் இருந்த எலும்பை ஓரமாகத் தள்ளினாள்.

‘பதினாறு வருஷம் ஆச்சு அத்தான்,’ என்றாள் ஹெப்சிபா. ‘இப்பத்தான் கைக்கு வந்துச்சு.’

‘எனக்கும் காட்டுங்க’ என்று சலோமி எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து வந்து பியூலாவின் தோளில் கை வைத்துக் குனிந்து பார்த்தாள். ‘அழகா இருக்குக்கா. பியூலா அக்கா கைக்கு மோதிரம் போடணும்.’ அந்தக் கை தோளில் இருந்தவரைக்கும் பியூலா மூச்சு விடவில்லை. ஹெப்சிபா அதையும் பார்த்தாள், எண்ணினாள், தன் தட்டில் இருந்த சோறு ஆறிப்போயிருந்தது, அதைப் பிசைந்து பிசைந்து வைத்திருந்தாள், ஒரு வாய்கூடப் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாயாசம் எடுக்க உள்ளே போனபோது பியூலா பின்னாலேயே வந்தாள். சமையலறைக் கதவை ஒருக்களித்தாள். முகத்தில் பூசியிருந்த பவுடர் வேர்வையில் கோடு கோடாக இருந்தது.

‘மீதி எங்க?’

‘இருக்கு.’

‘சலோமிக்கு?’

‘தெரியாது.’

‘ஹெப்சி, நான்...’ அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். ‘எனக்கே தெரியலட்டி. அன்னைக்கு நிச்சயத்துல எல்லாரும் உங்க வீட்டையே பேசுனாங்க. உன் படிப்பு, உன் தங்கச்சி படிப்பு, உங்க அப்பா. மாமாகூட. நான் அந்த மண்டபம் பூரா ஒருத்தியா நின்னு பூ கட்டுனேன். ஒரு ஆள் ஏறெடுத்துப் பாக்கல. வீட்டுக்கு வந்து உக்காந்தேன். எழுதிட்டேன்.’

இவ்வளவுதானா. ஒரு மாசமாகப் பின்னாலிருந்து போட்டும் வராத படி இதுதானா. பூவைப் பார்க்கவில்லை. அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது, சலோமி நாற்பது வயசில் விடுதி அறையில் தனியாக எழுந்திருப்பது, எல்லாம் யாரோ நாலு பேர் பூவைப் பார்க்காததற்கு. ஹெப்சிபா முந்திரியை வறுத்துப் பாயாசத்தில் கொட்டினாள். ‘இனி வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாடு இங்கதான் அக்கா,’ என்றாள். ‘தொட்டியும் இங்கதான் இருக்கும். அதே நாற்காலி.’ சொல்லும்போது அவளுக்கு வருஷங்கள் வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொரு வருஷமும் அந்தத் தம்ளர் உதட்டில் நிற்கும், இவள் கறி வைப்பாள். பத்து வருஷம். இருபது வருஷம். பியூலா அவளைப் பார்த்தாள், எதிரில் நிற்பது யார் என்று தெரியாத மாதிரி, பிறகு பாயாசத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

‘முடிக்க முன்னால நன்றி ஜெபம் பியூலா பண்ணட்டும்,’ என்றார் மாமனார். எப்போதும் அவள்தான் பண்ணுவாள், அழகாகப் பண்ணுவாள். எல்லாரும் தலை குனிந்தார்கள். பியூலா எழுந்து நின்றாள். ‘கர்த்தாவே’ என்றாள். நின்றது. ஜெயசிங் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டான். உருகிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். திண்டாடட்டும் என்று ஹெப்சிபா பார்த்துக்கொண்டிருந்தாள், இதுவும் வருஷா வருஷம் கிடைக்கும் என்று.

‘சலோமி,’ என்றாள் பியூலா. அது ஜெபத்தின் குரல் இல்லை. ‘உன் கல்யாணத்தை நிறுத்துனது நான்தாம்மா. நாசரேத்துக்கு மொட்டைக் கடுதாசி எழுதுனது நான். உனக்கு வலிப்பு, அதை உங்க வீட்ல மறைக்காங்கன்னு.’

ஹெப்சிபாவுக்கு முதலில் வந்தது ஆத்திரம். பறித்துக்கொண்டாள். இத்தனை சீக்கிரமாகவா, இன்னும் இருபது வருஷம் இருந்ததே, ஒரு வாய் பாயாசம்கூட இறங்கும் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிக் கையைக் கழுவிக்கொண்டாளே. இனி எல்லாரும் அழுவார்கள், மாமா ஏதாவது வசனம் சொல்லுவார், சலோமி எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொள்ளுவாள், அவள் அப்படிப்பட்டவள், எல்லாம் முடிந்துவிடும். அத்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மாமனார் ‘என்ன, என்ன சொல்லுதா’ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பியூலா அழ ஆரம்பித்திருந்தாள், ‘மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரு’ என்று.

சலோமி அழவில்லை. தட்டில் கையைக் கழுவினாள். முந்தானையில் விரல் விரலாகத் துடைத்தாள், ஆஸ்பத்திரியில் துடைக்கிற மாதிரி. பிறகு ஹெப்சிபாவைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

‘உனக்குத் தெரியும்.’

‘ஒரு மாசமா,’ என்றாள் ஹெப்சிபா.

‘அதை வச்சு நீ விளையாடிட்டு இருந்தே.’ அவள் குரல் உயரவே இல்லை. தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து மேசை ஓரத்துக்குத் தள்ளினாள், தண்ணீர் அலம்பி விரிப்பில் ஊற்றியது. பாயாசக் கிண்ணங்களை ஒதுக்கினாள். பியூலாவின் முன்னால் ஒரு தாள் அகலத்துக்கு இடம் உண்டானது. ‘பேப்பரும் பேனாவும் கொண்டா அக்கா.’

‘சலோமி, வேண்டாம்ட்டி, அண்ணிதான் சொல்லிட்டாங்களே,’ என்றான் ஜெயசிங்.

‘எங்கிட்ட சொன்னா. எனக்கு வலிப்பு இல்லன்னு எனக்குத் தெரியும் அத்தான்.’ அவள் பியூலாவைப் பார்த்தாள். ‘சபைக்கு எழுதுங்க. இன்ன வருஷம் இன்ன மாசம், பொய்யின்னு தெரிஞ்சே நான் எழுதுனேன்னு எழுதுங்க. எங்க அப்பா பேரைப் போட்டு, அவர் மறைச்சாருன்னு சொன்னதும் பொய்யின்னு எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனையில போதகர் ஐயர் நின்னு வாசிக்கட்டும். நான் லீவைத் தள்ளிப்போட்டு இருந்து கேட்டுட்டுப் போறேன். முன்வரிசையில உக்காந்து.’

ஹெப்சிபா எழுந்து போய் விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள், அவசரத்தில் இரண்டாக வந்தது. இவளுக்கு நான் எத்தனை சின்னதாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன் என்று மட்டும் ஓடியது. தாளைக் கொண்டுவந்து வைத்தாள். பியூலா தன் புருஷனைப் பார்த்தாள், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மாமனாரைப் பார்த்தாள். ‘எழுதும்மா,’ என்றார் அவர், மிகவும் மெதுவாக. அவள் உட்கார்ந்து எழுதினாள். நிறைய நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள், ஒரு தடவை ஒரு சொல்லை அடித்துவிட்டு எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடினாள்.

சலோமி குனிந்து முழுவதும் படித்தாள். அடியில் காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

‘பேரு,’ என்றாள். ‘முழுப் பேரு.’